கடல் பிரித்த குடும்பங்களும் ஒரு குழாய் இரத்தமும்

மார்பகப் புற்றுநோய் உறுதியான ஒரு பெண்ணிடம் வைத்தியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா? தாய்வழியில், தந்தைவழியில், பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தை என்று நீளும் இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்திலோ காலியிலோ பிறந்த ஒரு பெண் ஓரளவு பதில் சொல்லிவிடுவாள். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து போகும் பெண்களுக்கு அந்தப் பதில் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதியைச் சொல்லக்கூடிய உறவுகள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974 இல். விண்ணப்பங்கள் வீடு வீடாக எழுதப்பட்டதால், அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா, தம்பி குடும்பத்துக்கு இலங்கை என்றும், தாய் தகப்பனுக்குக் கப்பல், கட்டிக்கொடுத்த மகளுக்கு லயம் என்ற தோட்டத்து வரிசை வீடு என்றும் ஒரே இரத்தம் இரண்டாகப் பிரிந்தது. போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக் கூடையையே சுமந்தார்கள். இருந்தவர்களிலும் ஒரு பகுதியினர் 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். இவற்றையெல்லாம் நாம் அரசியல் வரலாறாகவே எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். அதற்கு ஒரு மருத்துவ விளைவும் உண்டு என்பதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் மலையகத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, பிறகு மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் கற்று மீண்டும் மலைக்கே வந்தவன். குடும்ப வரலாற்றை வாயால் சொல்ல முடியாத ஒரு சமூகத்துக்கு, அந்த வரலாற்றின் புற்றுநோய் தொடர்பான பகுதியை இரத்தத்திலிருந்தே படித்துச் சொல்லும் வழி இன்று வந்திருக்கிறது. ஆகவே மரபணு வரிசைப்படுத்தல், அதாவது டி.என்.ஏ.யில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளாகக் குறிக்கப்படும் இரசாயனங்களை வரிசையாகப் படிப்பது, வசதி படைத்த நாடுகளின் ஆடம்பரம் என்று ஒதுக்கப்படாமல், இந்த நாட்டில் வேறு எவரையும் விட முன்னதாக எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

என் பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, 46 வயதில் நோய் தெரிந்தது. கொழுந்தெடுக்கும் கூடையின் கயிறு தோளில் அழுத்தும்போது மார்பில் ஏதோ உறுத்துகிறது என்று அவர் சொன்னதைப் பல மாதங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சதைத்துண்டுப் பரிசோதனை ரிப்போர்ட்டில், புற்றுக் கலங்களுக்கு வளரச் சொல்லும் செய்தியைப் பெறும் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லை என்று எழுதியிருந்தது. 50 வயதுக்குள் வரும் நோயும் மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையும் ஒன்றாகச் சேரும்போது, பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் எல்லோரும் அறிந்த விதி.

கொழும்பில் மரபணு ஆலோசனைக்கு அவரை அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த இளம் வைத்தியர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குடும்ப மரத்தை வரையத் தொடங்கினார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்குக் கோடு. பெரியம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, அம்மாச்சியின் வட்டத்துக்கு மேலே பேனையை நிறுத்தி, அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“அம்மாவோட கூடப் பொறந்த பொம்பளைங்க மூணு பேரு டொக்டர். ரெண்டு பேரு ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போயிட்டாங்க. போன புதுசுல ரெண்டு மூணு காயிதம் வந்துச்சு. அதுக்கப்புறம் இருக்காங்களா இல்லையான்னே தெரியாது.”

“அவங்க பிள்ளைகள், அம்மா?”

“இருப்பாங்க டொக்டர். பேரு தெரியாது.”

வைத்தியர் இரண்டு வட்டங்களை வரைந்து உள்ளே கேள்விக்குறி இட்டார். மூன்றாவது சகோதரி இளவயதில் “வயித்துல கட்டி” வந்து தோட்டத்திலேயே இறந்தவர். அது என்ன கட்டி என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதற்கும் ஒரு கேள்விக்குறி. தந்தைவழிக்கு வந்தபோது தாத்தாவின் பெயருக்கு மேலே எதுவுமே நிரம்பவில்லை. தந்தைவழியை அவர் கேட்டதே பெரியம்மாவுக்கு வியப்பாக இருந்தது. மார்புப் புற்று தாய்வழியாக மட்டுமே வரும் என்ற நம்பிக்கை எங்கள் மத்தியில் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. உண்மையில் இந்த மரபணு மாற்றத்தை ஆணும் சுமப்பான், நோய் வராமலேயே மகளுக்கும் கொடுத்துவிடுவான்.

இதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரை பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுகின்றன. இவற்றுள் முக்கியமானவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள். முதலாவது மரபணு 17 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை மேரி கிளெயார் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990 இல் காட்டினார். சிதைந்த டி.என்.ஏ.யைச் செப்பனிடும் வேலையைச் செய்யும் இந்த மரபணுக்களில் ஒன்று பழுதானால், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். சூலகப் புற்றுநோய்க்கு அது முதல் மரபணுவில் 44 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம் என்று 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. பழுதைச் சுமக்கும் ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி.

ஆகவே பெரியம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வி சம்பிரதாயமானதன்று. விடை தெரிந்தால் மற்ற மார்பையும் சூலகத்தையும் என்ன செய்வது, எந்த மருந்து பலிக்கும், மகளை எப்போதிலிருந்து சோதிப்பது என்பனவெல்லாம் மாறும். விடை தெரியாதபோது இரத்தத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அந்த இரத்தத்தைப் படிக்க முடிந்ததற்கு, சென்னையில் 1966 இல் பிறந்து கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் இங்கிலாந்து சென்ற ஒரு தமிழருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலாளரான சங்கர் பாலசுப்பிரமணியனும் அவருடைய சக ஆய்வாளர் டேவிட் கிளெனர்மனும், டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியம் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ப்பதை லேசர் ஒளியில் பார்க்கும் அடிப்படை ஆராய்ச்சியில்தான் முதலில் ஈடுபட்டிருந்தார்கள். 1997 இல், பான்டன் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையில் சக ஆய்வாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது, இதையே மரபணுவைப் படிக்கும் முறையாக்கலாம் என்ற எண்ணம் உருப்பெற்றது. 1998 இல் சொலெக்சா என்ற நிறுவனம் பிறந்தது.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் அவர்களுடைய முறையின் அழகு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. டி.என்.ஏ.யைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு கண்ணாடித் தகட்டில் கோடிக்கணக்கான இடங்களில் ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் அது இருக்கும் இடத்திலேயே பல பிரதிகளாகப் பெருக்குகிறார்கள். பிறகு நான்கு வகை எழுத்துகளையும் நான்கு வெவ்வேறு நிறங்களில் ஒளிரும்படி செய்து தகட்டின் மேல் ஓட விடுகிறார்கள். ஒவ்வோர் எழுத்தின் நுனியிலும் ஒரு தடை இருப்பதால் ஒரு முறைக்கு ஓர் எழுத்துத்தான் ஒட்டும். ஒட்டியதும் தகடு முழுவதையும் படம் பிடித்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று குறித்துக்கொண்டு, நிறத்தையும் தடையையும் இரசாயனத்தால் கழற்றிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகிறார்கள். ஒரே படத்தில் கோடிக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டுவிடுகின்றன. விலை சரிந்ததற்குக் காரணம் இதுவே.

2005 இல் சொலெக்சா முதன்முதலாக முழுமையாகப் படித்தது 5,386 எழுத்துகளே கொண்ட ஒரு வைரஸை. 1977 இல் பிரெட்ரிக் சாங்கர் தம் முறையால் படித்த அதே வைரஸ் அது. அடுத்த ஆண்டு இயந்திரம் சந்தைக்கு வந்தது. 2007 இல் இலுமினா என்ற அமெரிக்க நிறுவனம் சொலெக்சாவை ஏறத்தாழ 60 கோடி டொலருக்கு வாங்கியது. 1990 இல் தொடங்கி 2003 இல் முடிந்த மனித மரபணுத் திட்டத்துக்கு 270 கோடி டொலர் அளவில் செலவானது. இலுமினாவின் 2022 ஆம் ஆண்டு இயந்திரம் ஒரு முழு மனித மரபணுத்தொகுதியை 200 டொலருக்குப் படிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தொழில்முனைவோர் நாட்டுக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் நான் காட்டுவேன். பாலசுப்பிரமணியன் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவுமில்லை, ஆராய்ச்சியைக் கைவிட்டு வியாபாரியாகிவிடவுமில்லை. பேராசிரியராகவே இருந்துகொண்டு, தம் அறிவு உலகத்துக்குப் போய்ச் சேர ஒரு நிறுவனத்தை வாகனமாக்கினார்.

பெரியம்மாவின் ரிப்போர்ட் வந்தபோது அதில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் “185 டெல் ஏ.ஜி.” என்ற மாற்றம் இருந்தது. ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் அந்த இடத்தில் இல்லை என்பதே அதன் பொருள். உடல் அந்த எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்துப் படிப்பதால், இரண்டு விழுந்ததும் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் இடம் மாறி, புரதம் தொடக்கத்திலேயே முறிந்துவிடுகிறது. ஐரோப்பிய வழி வந்த யூதர்களிடம் அதிகம் காணப்படுவதால் உலகப் புகழ்பெற்ற இந்த மாற்றம், தென்னிந்தியக் குடும்பங்களிலும் தனியாகத் தோன்றியிருப்பதை இந்திய ஆய்வாளர்கள் ஏற்கனவே கண்டிருக்கிறார்கள். திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறிய யாரோ ஒரு மூதாதையின் உடலில் அது வந்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தவற்றைச் சொல்கிறேன். ஒருவரிடம் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், உறவினரிடம் முழு மரபணுவையும் படிக்க வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. என் அம்மாவைப் பார்த்தோம், இல்லை. பெரியம்மாவின் மகளைப் பார்த்தோம், இருந்தது. அக்கா அன்று முழுவதும் யாருடனும் பேசவில்லை. இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, எங்கம்மாவுக்குக் கூடை உறுத்துற வரைக்கும் தெரியல. எனக்கு இப்பவே தெரிஞ்சிருச்சு, அது நல்லதுதானே?” என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன். இன்று அவள் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கிறாள். பிள்ளைகள் போதும் என்று முடிவானதும் சூலகத்தை எடுத்துவிடுவது பற்றி வைத்தியருடன் பேசி வைத்திருக்கிறாள்.

அதன் பின்னர்தான் கேள்விக்குறி இட்ட வட்டங்களைத் தேடத் தொடங்கினோம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் நடத்தும் முகநூல் குழுக்களில், தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் அம்மாச்சியின் தகப்பனார் பெயரையும் போட்டு எழுதினேன். நீண்ட நாட்களுக்குப் பிறகு கூடலூரிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அம்மாச்சியின் தங்கை பேரன். அவருடைய பாட்டி வயிற்றில் கட்டி வந்து இறந்ததையும், அவருடைய அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் சூலகக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததையும், தங்கைகள் இரண்டு பேர் இருப்பதையும் அந்த ஒரு செய்தியிலேயே சொல்லிவிட்டார். ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்களுடைய வைத்தியர் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வழக்கமாகக் குடும்ப வரலாறு தெரிந்து மரபணுச் சோதனைக்குப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் மரபணுச் சோதனைதான் குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இது எங்கள் ஒரு வீட்டின் அதிர்ஷ்டமாக நின்றுவிடக் கூடாது என்பதால், பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த மரபணுவைத் தனிச்சொத்தாக வைத்திருந்த காலமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிரியட் ஜெனெடிக்ஸ் நிறுவனம் 1990களில் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்று, சோதனை செய்யும் உரிமையைத் தானே வைத்துக்கொண்டது. சோதனையின் விலை 3,000 டொலருக்கு மேல். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் இருக்கும் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் யாரும் அதற்குக் காப்புரிமை கோர முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில், 2015 இல், கலர் ஜெனோமிக்ஸ் என்ற கலிபோர்னியா நிறுவனம் இந்த இரண்டோடு சேர்த்து 19 மரபணுக்களை 249 டொலருக்குப் படித்துத் தருவதாகச் சந்தைக்கு வந்தது. ஒரே துறையில் இரண்டு விதமான தொழில்முனைவு. ஒன்று வேலி போட்டு வருமானம் தேடியது, மற்றது விலையைக் குறைத்து ஆட்களைச் சேர்த்தது. எங்களுக்கு எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டொலரில் குறையும் விலை ரூபாயில் குறைவதாகாது என்பதையும் நாங்கள் பட்டறிந்தோம். பெரியம்மாவின் சோதனைக்கு விலை கேட்டபோது ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதத்துக்குள் அது 360 ஐத் தொட்டது. அறுவைச் சிகிச்சையும் மருந்தேற்றலும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைத்தன, அதற்கு இந்த நாட்டுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மரபணுச் சோதனை மட்டும் கைக்காசு. வீட்டில் ஆளுக்கொரு பங்காகப் போட்டும், அக்கா சங்கிலியை அடகு வைத்தும்தான் கட்டினோம். அன்றாடம் வேலைக்குப் போய்ப் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்றிருக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது இயலும்?

அடுத்து, படித்த எழுத்துக்குப் பொருள் தெரிய வேண்டும். மாற்றம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும், அது நோய் தருவதா, தீங்கற்றதா என்று ஏற்கனவே சேர்த்துவைத்த தரவுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள். நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய உலகப் பெரும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் 78 சதவீதத்தினர் ஐரோப்பிய வழி வந்தவர்கள் என்று 2019 இல் ஒரு கட்டுரை சுட்டிக்காட்டியது. அதனால் எங்களைப் போன்றவர்களின் ரிப்போர்ட்டில் “பொருள் உறுதியாகாத மாற்றம்” என்ற வரி அடிக்கடி வருகிறது. அதை வைத்துக்கொண்டு வைத்தியர் எதுவும் செய்ய முடியாது, நோயாளி மட்டும் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். பெரியம்மாவின் மாற்றம் உலகறிந்த ஒன்றாக இருந்தது எங்கள் நல்ல காலம்.

உலக ஒப்பீட்டுக்குப் பயன்படும் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்ற வகை இருக்கிறது. அந்த மாதிரிகள் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரிடமிருந்து எடுக்கப்பட்டவை, மலையகத் தமிழர் என்ற தனி வகை அதில் கிடையாது. இந்தியாவின் ஜெனோம் இந்தியா திட்டம் 10,000 பேரைப் படித்து 2025 ஜனவரியில் தரவை வெளியிட்டது. எங்கள் வேர் அங்கே இருப்பதால் அது எங்களுக்கும் ஓரளவு உதவும். ஆனால் 200 ஆண்டுகளாகத் தோட்ட எல்லைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த ஒரு சமூகத்தில் சில மாற்றங்கள் திரும்பத் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அவற்றை எங்களிடத்தில்தான் தேட வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் மனித மரபியல் பிரிவு இயங்கி வருகிறது. அறிவும் ஆட்களும் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

வரிசைப்படுத்தலுக்காக இவ்வளவு வாதாடும் நான், அது தேவைப்படாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதற்குக் காரணம் எங்கள் இஸ்தோப்புகளில், அதாவது வீட்டு முன் திண்ணைகளில், தட்டில் வைத்திருக்கும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும்தான். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இலேயே அறிவித்தது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004 இல் அறிவித்தது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க டோர்ச் வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்க வைத்த ஆய்வொன்று 1984 இல் வெளியானது. அந்த ஊழியர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மேற்பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரவில்லை. ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கணக்கு அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும். இங்கே எந்த இயந்திரமும் அந்தப் பாதிப்பேரை அழைத்து வராது.

அதேபோல், கட்டி தெரிவதற்கு முன்பே இரத்தத்தில் கசியும் டி.என்.ஏ.யைப் பிடித்துப் பல புற்றுநோய்களை ஒரே தடவையில் கண்டுபிடிக்கும் சோதனைகள் பற்றி இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. பாலசுப்பிரமணியனே 2012 இல் நிறுவிய கேம்பிரிட்ஜ் எபிஜெனெடிக்ஸ், டி.என்.ஏ.யின் மேல் இருக்கும் இரசாயன அடையாளங்களையும் சேர்த்துப் படிக்கும் முறைகளை உருவாக்கியது. இப்போது அதன் பெயர் பயோமோடல். இந்த வழி ஒரு நாள் பலன் தரும் என்று நம்புகிறேன். இன்றைக்கு கிரெயில் நிறுவனத்தின் 949 டொலர் பெறுமதியான சோதனை, 2021 இல் வெளியான ஆய்வின்படி, முதலாம் கட்டத்தில் இருக்கும் புற்றுநோய்களில் 16.8 சதவீதத்தையே கண்டுபிடித்தது. அந்தக் காசுக்கு எங்கள் மலையில் செய்ய வேண்டியவை வேறு நிறைய உண்டு.

அவற்றுள் முதலாவது, நான் தொடக்கத்தில் சொன்ன பரம்பரைப் புற்றுநோய்ச் சோதனை. அதன் பெரிய வசதி, நோயாளி மலையிறங்க வேண்டியதில்லை என்பது. ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாக மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக விடியலுக்கு வெகுமுன்பே பஸ் ஏற வேண்டும், கினிகத்தேனை வளைவுகளில் மருந்தேற்றிய உடம்பு படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பரம்பரைச் சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் சில மில்லிலீற்றர் இரத்தம் போதும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி, தாளில் ஒற்றி எடுக்கும் இரத்தப் பொட்டுகள் தைரொயிட் சோதனைக்காக மலையிலிருந்து போகத்தானே செய்கின்றன? அந்தப் பாதையிலேயே இதுவும் போகலாம்.

கட்டியின் சதையைப் படிப்பது இதைவிடக் கடினம், அங்கேதான் எங்கள் பலவீனம் தெரிகிறது. சதைத்துண்டை அது கெடாமல் காக்கும் 10 சதவீத போர்மலினில், நடுநிலைப்படுத்திய கரைசலில், 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை வேறொரு வைத்தியசாலையிலிருந்து எங்களுக்கு வந்த போத்தலில் கரைசல் பாதி ஒழுகியிருந்தது. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள், ஒழுகிய போர்மலின் லேபிளில் பேனையால் எழுதிய பெயரைக் கரைத்துவிட்டிருந்தது. நீண்ட விடுமுறை நாட்களைத் தாண்டி வந்த அந்தத் துண்டின் ஒரு பக்கம் காய்ந்து விறைத்திருந்தது. அது யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பெண்ணை மறுபடியும் ஊசி குத்தக் கூப்பிட வேண்டியதாயிற்று. பென்சிலால் எழுதுவது, சரியான அளவு போத்தல், வெள்ளிக்கிழமை எடுத்ததைத் திங்கட்கிழமைக்குள் சேர்ப்பிப்பது ஆகிய மூன்றும் இல்லாமல், எவ்வளவு நுட்பமான இயந்திரமும் பயன்தராது.

ஆகவே மலையகத்திலிருந்து உயிரித்தொழில்நுட்பம் படித்து வரும் இளைஞர்கள் இயந்திரம் வாங்கும் கனவோடு தொடங்க வேண்டாம் என்பேன். இயந்திரங்கள் கொழும்பிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. கணினி விஞ்ஞானி விஜய் சந்துருவும் அவருடைய சக பேராசிரியர்களும் பெங்களூரில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ட்ராண்ட் நிறுவனம், தரவை ஆராயும் மென்பொருளில் ஆரம்பித்துத்தான் பின்னர் புற்றுநோய் மரபணுச் சோதனைக்கு வந்தது. தமக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் அவர்கள் கால் ஊன்றினார்கள். நமக்குத் தெரிந்தது இந்த மலையும் இந்த மனிதர்களும். மாதிரி சேகரிப்பது, குளிர் குறையாமல் கொண்டு சேர்ப்பது, தமிழில் ஆலோசனை சொல்வது, உறவுகளைத் தேடிப் பிடித்துச் சோதிப்பது ஆகியவற்றைச் செய்யும் நிறுவனம் எதையும் எங்கள் ஊர்களில் நான் பார்த்ததில்லை.

விலையைக் குறைக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது. இயந்திரத்தை ஒருமுறை ஓட்டும் செலவு, அதில் ஒரு மாதிரி இருந்தாலும் நூறு இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொருவருடைய டி.என்.ஏ. துண்டிலும் தனித்தனி அடையாள எழுத்துகளைச் சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து ஓட்டிவிட்டுப் பிறகு கணினியில் பிரித்தெடுக்கிறார்கள். கொழுந்து குறைந்த நாளில் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தையும் ஏற்றி வந்து சேர்த்துத்தான் தொழிற்சாலையில் ரோலரை ஓட்டுவார்கள், அதைப் போலத்தான் இதுவும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களையும் சூலகப் புற்றுநோய் வந்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒவ்வொரு ஓட்டத்தையும் நிரப்பப் போதுமான மாதிரிகள் கிடைக்கும் என்பது என் மதிப்பீடு.

இதைச் செய்ய முன்வருபவர் யாராக இருந்தாலும் அவரிடம் நான் முன்கூட்டியே கேட்பது ஒன்று உண்டு. பெரியம்மா கையெழுத்திட்ட சம்மதப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் அவர் எதற்குக் கையெழுத்திடுகிறார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தோட்டத்து மக்கள் புரியாத காகிதங்களில் விரலடையாளம் வைத்துப் பட்டவை போதும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். இரத்தம் எந்த நாட்டுக்குப் போகிறது, மிஞ்சியது என்ன ஆகும், தரவு யாரிடம் இருக்கும், வேண்டாம் என்றால் எப்படித் திரும்பப் பெறுவது என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கண்டுபிடிக்கும் மாற்றங்களை, பெயர் நீக்கி, எல்லா வைத்தியர்களும் பார்க்கும் பொதுத்தரவில் சேர்க்க வேண்டும். மிரியட் நிறுவனம் தன் சோதனைகளில் சேர்ந்த அறிவை நீண்ட காலம் தன்னிடமே பூட்டி வைத்திருந்ததால், உலகத்தின் மற்றப் பெண்களுக்கு விடை தாமதமாயிற்று. எங்கள் பெண்கள் கொடுக்கும் இரத்தத்திலிருந்து கிடைக்கும் விடை, கூடலூரில் இருக்கும் அவர்களுடைய சித்தி மகளுக்கும் அதே நாளில் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.